முத்துக்குவியலில் யாருக்கு எவ்வளவு?

கேள்வி: கி.பி. 550 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிள் வணிகன் ஒருவன் முத்து தேடிக் கொற்கைக்கு வருகிறான். கடலடியில் ஒரு நாகலோகம், சுறாவைக் கட்டும் மந்திரவாதி என்று மாயம் கலந்த சித்திரக்கதையாக இதை வரைந்துகொண்டிருக்கிறேன். அந்த நாட்டவருக்கு ‘பசிலியஸ்’, ‘புரோட்டோஸ்பதாரியஸ்’ என்றும், நம் பக்கத்து அதிகாரிக்கு ‘மூவேந்தவேளான்’ என்றும் பட்டம் வைத்திருக்கிறேன். பொருந்துமா? அன்றாடப் பொருள்களில் எதைக் கவனிக்க வேண்டும்? கற்பனைக் கதைக்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.
— ஓர் ஓவியர், தூத்துக்குடி

பதில்: நாகலோகத்தை நம்ப வாசகர் தயாராகத்தான் இருப்பார். ஆனால் நாகலோகத்துக்குப் போகும் தோணியில் தக்காளிக் குழம்பு கொதித்தால் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஆராய்ச்சி அதற்குத்தான்.

முதலில் பட்டங்கள். 550இல் ஆட்சியில் இருந்தவர் கிழக்கு ரோமானியப் பேரரசர் ஜஸ்டினியன். கிரேக்கம் பேசும் மக்கள் அவரைப் பேச்சில் ‘பசிலியஸ்’ என்பார்கள். அரசு ஆவணத்தில் அந்தப் பட்டம் ஏறியது 629இல், ஹெராக்ளியஸ் காலத்தில். ஆகவே உரையாடலில் வைத்துக்கொள்ளலாம். முத்திரையிட்ட ஆவணத்தில் ‘அகஸ்டஸ்’ என்று எழுதுங்கள். ‘புரோட்டோஸ்பதாரியஸ்’ 8ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தென்படுகிறது, அதை எடுத்துவிடுங்கள். உங்கள் கதைக்கு உண்மையில் வேண்டியவர் ‘கொம்மெர்கியாரியஸ்’, அதாவது சுங்க அதிகாரி. 6ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கையில் ஈய முத்திரையைக் கொடுத்துவிட்டால் அவர் யார் என்று வசனத்தில் சொல்ல வேண்டியதே இல்லை.

நம் பக்கம் ‘மூவேந்தவேளான்’ பிற்பாடு வந்த பட்டம். 9, 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் மலிந்து கிடக்கும். பழைய பட்டங்கள் வேண்டுமென்றால் ஏனாதி, காவிதி, எட்டி இருக்கின்றன. ஏனாதி படைத்தலைவனுக்கு, எட்டி வணிகனுக்கு. காவிதி மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலேயே வருகிறது. பாண்டிய மன்னன் யார் என்பதில் உங்களுக்கு நல்ல வசதி. வேள்விக்குடிச் செப்பேடு புகழும் கடுங்கோன் 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வருகிறான். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்குச் சான்று மிகக் குறைவு. பூலாங்குறிச்சிக் கல்வெட்டின் சேந்தன் கூற்றன் போன்ற பெயர்களின் ஓசையைக் கேட்டு, அதே வார்ப்பில் ஓர் அரசனைப் படைத்துக்கொள்ளுங்கள். மாயம் நுழைய வரலாறே விட்டுவைத்த வாசல் அது. அரண்மனைச் சுவரில் எழுத்து வந்தால் வட்டெழுத்தாக இருக்கட்டும்.

வணிகன் வரும் வழியையும் சரிபாருங்கள். ஜஸ்டினியன் காலத்தில் ரோமானியக் கப்பல் நேரே இங்கு வருவது அரிது. செங்கடலில் அக்சும் அரசின் அதூலிஸ் துறைமுகம்வரை வந்து, அங்கிருந்து பிறர் கப்பலில் ஏறுவதே நம்பும்படி இருக்கும். அதே காலத்து அலெக்சாந்திரியா வணிகரான காஸ்மாஸ் எழுதியதில் இலங்கையும் வருகிறது, இக்கரையின் சங்கும் வருகிறது. இலங்கை அரசன் முன் ரோமானியப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் ஒப்பிட்டுப் பார்த்த கதையை அவர் சொல்கிறார். அந்தப் பொற்காசு சுமார் நாலரை கிராம். ஒரு ரோமானிய பவுண்டு தங்கத்தில் 72 காசு. 538 வாக்கிலிருந்து அதில் ஜஸ்டினியன் நேர்முகமாக, கையில் சிலுவை பொருத்திய உருண்டையோடு மார்பளவில் காட்சி தருகிறார். பக்கவாட்டு முகம் வரைந்தால் தவறு.

அவன் எதற்காக இவ்வளவு தூரம் வருகிறான்? 547இல் நிறைவுற்ற ரவென்னா சான் விட்டாலே தேவாலயத்தின் பதிகல் ஓவியத்தில் அரசி தியோடோராவைப் பாருங்கள். மகுடத்திலிருந்து மார்புவரை முத்துச்சரம் தொங்குகிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டில் பேரரசர் லியோ போட்ட சட்டப்படி, குடிமக்கள் குதிரைக் கடிவாளத்திலும் சேணத்திலும் இடுப்புக்கச்சையிலும் முத்துப் பதிக்கக் கூடாது. கச்சையில் முத்து பதித்த ஒருவனைக் கான்ஸ்டான்டிநோபிள் தெருவில் நடக்கவிட்டால், ஒரே கட்டத்தில் கதை சூடுபிடித்துவிடும்.

இனி நம் கடல். கொற்கை இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிறது. உங்கள் கதையில் தாமிரபரணி முகத்துவாரத்தில் கப்பல் நிற்க வேண்டும். அங்கே அகழ்ந்தபோது கிடைத்தவற்றில் அறுத்த சங்குகளும் உண்டு. ஆகவே கடைத்தெருவில் சங்கறுப்பவரை உட்கார வையுங்கள். பின்னணியில் பனையும் உடைமரமும் போதும். நம் ஊரில் எங்கு பார்த்தாலும் நிற்கிற சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. மிளகாய், தக்காளி, முந்திரி, பப்பாளி எல்லாம் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு.

முத்துப்பார்கள் கரையோரத்தில் இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி, 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கின்றன. எனவே தோணி இல்லாமல் குளிப்பு இல்லை. காற்று அடங்கிய பங்குனி, சித்திரையில்தான் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு. இறங்கக் கல், ஏறக் கயிறு, சிப்பி அள்ள வலைப்பை. மூக்கில் மாட்டும் கொம்புக் கவ்வி பாரசீக வளைகுடாக்காரர்களுடையது. நம்மவர் கையாலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று இக்கரையில் சொல்வார்கள்: தங்கை தாலி அறுக்கக் கூடாது என்று அவன் கயிற்றை விடமாட்டானாம். சிப்பியை அங்கேயே உடைத்து முத்தெடுக்கும் காட்சி வேண்டாம். குவித்து அழுகவிட்டு, கழுவி, அலசித்தான் எடுப்பார்கள். அந்த நாற்றத்தைப் படத்தில் கொண்டுவருவது உங்கள் திறமை. முத்தின் வகைகளுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் புரட்டுங்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று நீள்கிறது. காலத்தால் பிந்தியவை என்றாலும், வியாபாரி வாயில் வைக்க இதைவிட நல்ல சொற்கள் கிடைக்காது.

கடைசியாக மந்திரவாதி. அவரை நீங்கள் கற்பனை செய்யத் தேவையில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவின் வாயைக் கட்டுபவருக்கு என்று எழுதியிருக்கிறார். ‘கடல்கட்டி’ எனப்பட்ட இவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசும் கூலி கொடுத்தது. அவர்கள் இல்லாமல் குளிப்பவர்கள் இறங்க மறுத்ததே காரணம்.

உங்கள் பாத்திரங்கள் எல்லோரையும் இந்தப் பங்குக் கணக்குக்குள் நிறுத்திப் பாருங்கள். சிப்பிக்குவியலில் யாருக்கு எவ்வளவு, அதை யார் அளந்து கொடுக்கிறார், யார் பறிகொடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பங்கு தெரிந்தால் வேலை தெரியும், வேலை தெரிந்தால் கையில் இருக்க வேண்டிய பொருளும் தெரியும். பட்டத்தைக் கடைசியில் ஒட்டலாம். பங்கு சொல்ல முடியாத பாத்திரம் இருந்தால், அது கதைக்கும் தேவைதானா என்று இன்னொரு முறை யோசியுங்கள்.