வேர்க்குருவும் படர்தாமரையும்

கத்திரி வெயிற் காலத்தே உடலில் அரிப்புத் தோன்றின், அது யாதென அறிந்தே மருந்திடல் வேண்டும்.

வியர்வை நாளங்கள் அடைபட, வியர்வை வெளியேறாது தோலினுள்ளே தேங்குதலின் விளைவதே வேர்க்குரு. கழுத்திலும் மார்பிலும் முதுகிலும் சிறு பருக்களாய்ச் செறிந்து முட்போற் குத்தும். குளிர்ந்த நீராடி, நெகிழ்ந்த பருத்தியாடை உடுத்துக் காற்றோட்டமான இடத்தில் இருப்பின் சின்னாளில் தானே தணியும்.

படர்தாமரையோ பூஞ்சணத்தால் வருவது, பிறர்க்கும் தொற்றுவது. அரை முதலிய ஈரந்தங்கும் இடங்களில் வட்டமாய்ப் படரும். விளிம்பு தடித்துச் செதிலுற, நடுவிடம் தெளிந்து காணும். இதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமே வாங்கிப் பூசுவோர் பலர். அரிப்பு அடங்கும், பூஞ்சணம் அடங்காது. வட்டம் உருக்குலைந்து பரவுதலின், மருத்துவர்க்கும் நோயின் அடையாளம் புலனாதல் அரிதாம்.

ஆதலின், விடுதியில் உறையும் நண்பர்காள், ஒருவர் துண்டை மற்றொருவர் கொள்ளற்க; உடலை ஈரம் போகத் துடைத்து உடுத்துக; வட்டங் கண்டவிடத்துக் கடைக்களிம்பை நாடாது மருத்துவரை நாடுக.