கீசர் காயிலில் படிந்தது எந்த உப்பு?

ஆம்பூரில் எந்த வீட்டில் கீசர் கெட்டாலும் பிளம்பர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "உப்புத் தண்ணி சார், காயில் போயிடுச்சு." கடந்த மார்கழியில் என் வீட்டிலும் அதையே கேட்டேன். வந்தவர் சுத்தியலை எடுத்ததும், நானே கழற்றிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் நடந்துகொண்டிருந்த நேரம். மின்னோட்டவியல் பாடத்துக்கு அந்தக் காயில் உடையாமல் வேண்டும் என்று தோன்றியது.

எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். தண்ணீர் வரும் வால்வை மூடி, தொட்டியை வடித்து, கீசரைச் சுவரிலிருந்து இறக்கினேன். ஒயர்கள் இருந்த நிலையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒயர்களையும் தெர்மோஸ்டாட்டையும் எடுத்தேன். 2000 வாட், 230 வோல்ட் காயிலின் மின்தடை ஏறத்தாழ 26 ஓம் இருக்க வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் இது வரும். மல்டிமீட்டரோ திறந்த சுற்று என்று காட்டியது. உறைக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பி அறுந்துவிட்டது.

அடித்தட்டின் நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. 'இயக்க விதிகள்' பாடத்தில் திருப்புத்திறனை எத்தனையோ முறை நடத்தியவன் என்ற தைரியத்தில் ஸ்பேனர் பிடியில் நீளமான குழாயைச் செருகித் திருப்பினேன். நட்டு கழலவில்லை, போல்ட் முறிந்தது. தொலைவு கூடினால் திருப்புத்திறன் கூடும் என்று சொல்லித் தருகிறோம், அதை போல்ட் தாங்குமா என்று கேட்பதில்லை. மீதி நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தேன். மறுநாள் முதலில் சற்று இறுக்கி, பிறகு தளர்த்த, ஒவ்வொன்றாக வந்தன.

தட்டு அசைந்தது, காயில் வரவில்லை. அதன் மேல் வளர்ந்திருந்த படிவு, காயில் வெளிவர வேண்டிய துளையைவிடத் தடிமனாகிவிட்டது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்தார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; படிவோடு எஃகையும் அரிக்கும், புகை நெஞ்சைத் தாக்கும். வேண்டாம் என்றேன். கீசரைத் தலைகீழாக நிறுத்தி, தளர்ந்த தட்டின் இடைவெளி வழியே குளிர்ந்த நீரில் கரைத்த எலுமிச்சை உப்பை ஊற்றினேன். குழாய் வாய்களை அடைக்கவில்லை. உண்டாகும் வாயு வெளியேற வழி வேண்டும். இரவெல்லாம் சிறு கொதிப்புப் போலச் சத்தம். காலையில் மெல்ல ஆட்டி இழுத்ததும் வந்துவிட்டது.

வகுப்பில் மேசைமேல் வைத்துக் கேட்டேன்: "இதுமேல என்ன படிஞ்சிருக்கு?"

"உப்பு சார்!"

"அப்போ தண்ணியில போட்டா கரையணுமே?"

ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டோம், கரையவில்லை. வினிகரில் போட்டோம், நுரைத்துக் குமிழி வந்தது. அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்த, அது பால்போல மாறியது. கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது என்று நான் சொல்வதற்குள் முன் வரிசை மாணவி சொல்லிவிட்டாள். கரும்பலகையில் மூன்று பெயர்களை எழுதினேன்: சமையல் உப்பு, எலுமிச்சை உப்பு, 'உப்புத் தண்ணி'யின் உப்பு. முதலாவது சோடியம் குளோரைடு. இரண்டாவது பெயரில்தான் உப்பு, உண்மையில் சிட்ரிக் அமிலம். மூன்றாவதில் பல உப்புகள் கலந்திருக்கும். காயிலில் ஒட்டியது அவற்றுள் ஒன்றிலிருந்து வந்தது. ஊர்ப் பேச்சில் மூன்றும் ஒரே சொல்.

இங்கே என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். படிவு வெப்பத்தைத் தடுப்பதால் மின்சாரம் பெருமளவு வீணாகும் என்று பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு அது பொருந்தும். உள்ளே ஏறாத வெப்பம் காற்றோடு போய்விடும். நீருக்குள் மூழ்கிய காயிலின் வெப்பம் எங்கே போகும்? நீருக்குள்தான். 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 2000 வாட்டுக்கு ஏறத்தாழ 18 நிமிடம் ஆகும். படிவு இருந்தாலும் இது பெரிதாக மாறாது. ஆனால் அதே வெப்பத்தைப் படிவின் வழியே தள்ள, காயில் முன்னைவிட மிகச் சூடாக வேண்டியிருக்கிறது. அதனால்தான் அறுந்துபோகிறது.

அப்போது கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல்: "எங்க அப்பா தோல் ஷாப்புல சுண்ணாம்புக் குழியில வேலை சார். அந்தச் சுண்ணாம்புதான் இதுவா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. பாதிப் பேரின் வீட்டில் அடுப்பு எரிவதே தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் கிடைக்கும் கூலியால்தான். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. தோல் ஷாப்பே இல்லாத ஊர்களிலும் காயிலில் இதே படிவு வரும். பாறையிலும் மண்ணிலும் உள்ள கால்சியம் போதும். ஆகவே இந்த வெள்ளைப் படிவு அவன் அப்பாவுக்கு எதிரான சாட்சி அல்ல என்றேன். "அப்போ பாலாறு கெட்டது பொய்யா சார்?" என்றாள் முன் வரிசை மாணவி.

பொய்யல்ல. பச்சைத் தோல் கெடாமலிருக்கச் சமையல் உப்பைத்தான் தடவி வைக்கிறார்கள். ஊறவைத்து அலசும்போது அது கழிவுநீரோடு போகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது பதிவாகியுள்ளது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்ததும் அந்தத் தீர்ப்புதான்.

அந்த உப்பைத் தேட வேறு சோதனை வேண்டும். மறுநாள் வீட்டுக்கொரு பாட்டிலில் தண்ணீர் வந்தது: ஆழ்துளைக் கிணறு, காவிரிக் கூட்டுக் குடிநீர், வாங்கிய கேன் தண்ணீர். ஒவ்வொன்றிலும் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில துளி, பிறகு சில்வர் நைட்ரேட். அமிலத்தை விட்டுவிட்டால் கார்பனேட்டும் வெள்ளையாகி ஏமாற்றும். சில்வர் நைட்ரேட் தோலைக் கறுக்கவைக்கும் என்பதால் துளியை நானே விட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீர் தயிர்போலத் திரிந்தது; காவிரி நீர் லேசாக மங்கியது.

"இது குளோரைடு இருக்குன்னுதான் சொல்லுது, எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லல, இல்லையா சார்?" என்றான் அந்தப் பையன். சாக்கடையும் ஒரு காரணமாகலாம் என்று அவனே சேர்த்துக்கொண்டான். பாட்டில்களில் தெருப் பெயரும் கிணற்றின் ஆழமும் எழுதி ஒட்டச் சொன்னேன். மழைக்குப் பிறகு அதே வீடுகளிலிருந்து மீண்டும் தண்ணீர் எடுத்துவரப் போகிறார்கள்.