நீரிழிவுள்ள பிள்ளையின் மனம்: தூர நகரங்களில் வாழும் பெற்றோருக்கு

அவுஸ்திரேலியாவில் எம்மவர் பலர் வேலை நிமித்தமும் விசா நிபந்தனை காரணமாகவும் நாட்டுப்புறச் சிறு நகரங்களில் குடியேறியிருக்கிறார்கள். அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு முதலாம் வகை நீரிழிவு வந்தால், அந்தப் பாடசாலையில் அந்நோயுள்ள ஒரே பிள்ளையாக அது இருக்கக்கூடும். சிறுவர் வைத்தியசாலைக்குப் போக நான்கைந்து மணி நேரக் கார்ப் பயணம். இன்சுலின் உள்ளூர் மருந்துக் கடையிலேயே கிடைத்துவிடுகிறது. மனதுக்கான துணைதான் கிடைப்பதில்லை. இம்முறை அதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் ஒரு விளக்கம். இது எமது அம்மம்மா, அப்பப்பாவுக்கு வந்த சலரோகம் அல்ல. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் வருவது. இனிப்புக் கொடுத்ததால் வந்ததல்ல. தாய் தந்தையின் குற்றமுமல்ல. 1922இல் ரொறன்ரோவில் முதன்முதல் இன்சுலின் பெற்ற நோயாளி 14 வயதுச் சிறுவன். அதற்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. ஆகவே கசாயம், பாகற்காய்ச் சாறு, நேர்த்தி விரதம் என்று எதற்காகவும் இன்சுலினை நிறுத்தக்கூடாது.

பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கணக்கு, ஊசி அல்லது பம்ப், விளையாடப் போகுமுன் ஒரு சோதனை. இதில் விடுமுறை என்பதே இல்லை. இந்நோயுள்ள பதின்ம வயதினரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. பெற்றோரும், இரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் தூக்கமிழக்கிறார்கள்.

எமது குடும்பங்களில் இதற்கு மேல் இன்னொரு சுமையும் சேர்கிறது. "ஒருவருக்கும் சொல்லாதே" என்கிறோம். பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சு வரை யோசிக்கிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதன் பொருள் ஒன்றுதான்: தன்னிடம் வெட்கப்பட வேண்டிய ஏதோ இருக்கிறது. அது ஊசியை மலசலகூடத்துக்குள் ஒளித்துப் போடும். பிறகு மத்தியான ஊசியைப் போடாமலே விடும். சர்க்கரை 4இற்குக் கீழ் இறங்கிக் கை நடுங்கி எரிந்து விழும்போது, விஷயம் தெரியாத ஆசிரியர் அதைக் குழப்படி என்றே நினைப்பார்.

தொண்ணூறுகளில், மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில், ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலினைக் காத்த குடும்பங்களை நாம் அறிவோம். "அங்கே அவ்வளவு கஷ்டத்திலும் சமாளித்தோம், உனக்கென்ன குறை?" என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். அதன்பின் பிள்ளை தன் கஷ்டத்தை உங்களிடம் சொல்லாது. அதோடு, அங்கே அயலட்டைக்கு விஷயம் தெரிந்திருந்தது. பிள்ளைக்குக் கை நடுங்கினால் சீனித் தண்ணீரோடு ஓடிவர நாலு பேர் இருந்தார்கள். இங்கே அந்த அயலை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. வகுப்பாசிரியர், பக்கத்து வீட்டார், பிள்ளையின் இரண்டு நண்பர்கள் என்று தொடங்கலாம். யாருக்கு, எப்படிச் சொல்வது என்பதைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். பாடசாலைக்கு எழுத்தில் ஒரு நீரிழிவுத் திட்டம் தரும்படி சிகிச்சைக் குழுவிடம் கேளுங்கள்.

வீட்டுப் பேச்சிலும் கவனம் வேண்டும். 2017 முதல் 21 வயதுக்குட்பட்டோருக்குச் சர்க்கரை காட்டும் சென்சருக்கு அரசு உதவி உண்டு. நல்ல வசதிதான். ஆனால் கைத்தொலைபேசியில் எண்ணைப் பார்த்துவிட்டு, பிள்ளை வாசலில் கால் வைக்குமுன்னே "ஏன் 16?" என்று கேட்டால் அது விசாரணையாகிவிடும். முதலில் பள்ளிக்கூடக் கதையைக் கேளுங்கள். "நல்ல எண், கெட்ட எண்" என்று சொல்லாமல் "கூட, குறைய" என்று மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை பொய் சொல்லப் பழகிவிடும்.

ஊசியைத் தவிர்ப்பது, காரணமின்றி மெலிவது, உணவை ஒளிப்பது, விளையாட்டை விடுவது, அடிக்கடி இரத்தத்தில் அமிலம் ஏறி வைத்தியசாலையில் சேர்வது ஆகியவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். வாழ விருப்பமில்லை என்று பிள்ளை சொன்னால், தனியே விடாமல், இன்சுலினைப் பெரியவர் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அன்றே உதவி தேடுங்கள். அவசரமானால் 000.

தூரம் இப்போது முன்போல் தடையல்ல. குடும்ப வைத்தியர் எழுதித்தரும் மனநலச் சிகிச்சைத் திட்டத்தின் மூலம், ஆண்டுக்கு 10 அமர்வுகள் வரை உளவியலாளரைப் பார்க்கும் செலவில் ஒரு பகுதியை மெடிகேர் தருகிறது. வீடியோ மூலமும் பார்க்கலாம். வீட்டில் எல்லோர் காதிலும் விழுமென்றால் பிள்ளை வாய் திறக்காது. நிறுத்தி வைத்த கார் கூடப் போதும். 5 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் கிட்ஸ் ஹெல்ப்லைனுக்கு, 1800 55 1800, இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நீரிழிவுச் சங்கங்கள் நடத்தும் சிறுவர் முகாம்களுக்கும் அனுப்புங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து ஊசி போடுவதைக் காண்பது எந்த அறிவுரையையும்விடப் பெரிய மருந்து என்பது எமது அபிப்பிராயம்.

ஆங்கிலம் தடையென்றால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் பயத்தைத் தானே அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் பிள்ளை பாதியை விட்டுவிடும். சந்திப்பை ஒழுங்கு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். அரச மொழிபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450.