பனிக் கண்டத்தில் வைத்தியம்

தில்லியில் எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கிறது. பல ஊர்களிலிருந்து நோயாளிகள் அங்கே வருகிறார்கள். நோய் இல்லாத சிலரும் வருகிறார்கள். அவர்கள் அண்டார்க்டிகா போக இருப்பவர்கள். அவர்களுடைய உடலையும் மனத்தையும் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். ஏன்?

அண்டார்க்டிகா பூமியின் தென்கோடியில் உள்ள பனிக் கண்டம். இந்தியக் குழு முதன்முதலில் 1982 ஜனவரியில் அங்கே போய் இறங்கியது. இப்போது மைத்ரி, பாரதி என்று நமக்கு இரண்டு நிலையங்கள் உள்ளன. குளிர்காலத்தில் அங்கே கடல் உறைந்துவிடும். பல வாரங்கள் சூரியன் உதிக்காது. கப்பல் வராது. நோய் வந்தால் உடனே ஊர் திரும்ப முடியாது.

ஈறில் இரத்தம்

1902-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்காட் குழுவினர் தென்முனை நோக்கி நடந்தார்கள். அவர்களுக்கு ஸ்கர்வி நோய் வந்தது. ஈறு வீங்கியது. உடல் தளர்ந்தது. காரணம் என்ன? காய்கறி, பழம் இல்லாத உணவு. வைட்டமின் சி பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் இந்த நோயைத் தடுக்கும் என்று இன்று எல்லாருக்கும் தெரியும்.

தனக்குத் தானே வைத்தியம்

மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் ரஷ்ய நிலையம் உள்ளது. 1961-ல் அங்கே இருந்த ஒரே மருத்துவர் ரோகசோவ். அவருக்கு வயது 27. அவருக்கே குடல்வால் அழற்சி வந்தது. அறுவை செய்யாவிட்டால் சாவு நிச்சயம். அவர் வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டார். ஒருவர் கண்ணாடியைப் பிடித்தார். ரோகசோவ் தன் வயிற்றைத் தானே அறுத்து, குடல்வாலை எடுத்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார்.

தூரத்திலிருந்து உதவி

1999-ல் தென்முனையில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண் மருத்துவர் தன் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டார். அது புற்றுநோய். தாய்நாட்டு மருத்துவர்கள் கணினி வழியாக யோசனை சொன்னார்கள். விமானம் மேலிருந்தே மருந்தைப் போட்டது. பிறகு வேறொரு விமானம் அவரை அழைத்து வந்தது.

இன்று செயற்கைக்கோள் வழியாக மருத்துவர்களிடம் பேசலாம். ஆனால் பேச்சு போகும் வேகத்தில் ஆள் போக முடியாது. அதனால்தான் தில்லியில் முன்கூட்டியே பரிசோதனை நடக்கிறது. நோயை வருமுன் கண்டுபிடிப்பதே நல்ல வைத்தியம். மருத்துவமனை தூரமாக உள்ள கிராமத்துக்கும் இது பொருந்தும்.

விடை சொல்லுங்கள்

1. ஸ்கர்வி நோய் ஏன் வந்தது?
2. ரோகசோவ் ஏன் தனக்குத் தானே அறுவை செய்தார்?
3. உங்கள் ஊருக்கு அருகில் உள்ள மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் தூரம்?