கர்ணம் மட்டும் நீண்டது ஏன்?

எட்டாம் வகுப்பில் பிதாகரஸ் தேற்றத்தை நடத்தி முடித்த வாரம் அது. தேற்றத்தைக் கையாலும் தொட்டுப் பார்க்கட்டுமே என்று மாணவர்களோடு ஓர் ஒட்டுத்துணி விரிப்புத் தைக்கத் தொடங்கினேன். 24 பேர், ஆளுக்கு ஒரு கட்டம். தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் 20 செ.மீ. சதுரமாக இருக்க வேண்டும். உள்ளே நான்கு வண்ண முக்கோணங்களும் நான்கு வெள்ளை முக்கோணங்களும் காகிதக் காற்றாடி போலச் சுழன்று நிற்கும். வண்ணத் துணிக்கு வீட்டிலிருந்து பழைய பருத்தித் துணி. வெள்ளைக்குப் பழைய வேட்டி. எங்கள் பகுதிநேரத் தையல் ஆசிரியை வாரத்தில் மூன்று நாள் வருவார். மற்ற நாள்களில் நான்தான்.

முதல் கணக்கே மாணவர்களைச் சண்டை போட வைத்தது. இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சிறு சதுரம் 10 செ.மீ. தையலுக்கு எல்லாப் பக்கமும் 1 செ.மீ. விட வேண்டும். அப்படியானால் 12 செ.மீ. சதுரம் வெட்டி மூலைவிட்டத்தில் இரண்டாக்கினால் போதும் என்றது வகுப்பு. போதாது. கர்ணத்திலும் ஒரு தையல் வருகிறதே! கர்ணத்தை 1 செ.மீ. வெளியே தள்ளினால் மற்ற இரு பக்கங்களும் √2 செ.மீ. கூடும். ஆக 10 + 2 + √2, அதாவது ஏறத்தாழ 13.4 செ.மீ. புத்தகத்தில் எத்தனை முறை √2 எழுதியிருப்போம்! அது கத்தரிக்கோலுக்குத் தேவைப்பட்டது அன்றுதான்.

வெட்டிய முக்கோணங்கள் கசங்கியிருந்ததால் நானே இஸ்திரி போட்டேன். சூடான பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுக்கக்கூடாது என்ற கவனம் இருந்தது; எப்படித் தேய்க்க வேண்டும் என்ற கவனம் இல்லை. நீண்ட பக்கத்தின் வழியே பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்த்தேன்.

மறுநாள் ஒரு மாணவியின் முக்கோணம் வெள்ளை முக்கோணத்தோடு சேரவில்லை. கர்ணத்தை அளந்தேன். 19 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 20 இருந்தது. "அளவு பார்த்துத்தானே வெட்டச் சொன்னேன்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டு, மிச்சத்தை வெட்டிவிடச் சொன்னேன். "டீச்சர், இந்த ரெண்டு பக்கமும் பதிமூணு புள்ளி நாலுதான் இருக்கு" என்றாள். அவள் சொன்னது என் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. வெட்டினாள். வெட்டியதும் பக்கங்கள் குறைந்துபோய் முக்கோணம் எதற்கும் உதவாமல் ஆனது. அது அவளுடைய அப்பத்தாவின் சின்னாளபட்டி சுங்குடிச் சேலை. அப்பத்தா போன ஆண்டு தவறிவிட்டார். வீட்டில் மீந்திருந்த முந்தானைப் பகுதியை மட்டும் அவள் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார்.

அடுத்த நாள் தையல் ஆசிரியை துணியைக் கையில் வாங்கி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "டீச்சர், பிள்ளை சரியாத்தான் வெட்டியிருக்கு. கிராஸா வெட்டின ஓரம் இது. இழுத்தா வரத்தான் செய்யும்."

பிறகுதான் நான் கணக்கு ஆசிரியையாக யோசித்தேன். பக்கங்கள் இரண்டும் 13.4. கர்ணம் 20. பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 359. கர்ணத்தின் வர்க்கம் 400. தேற்றம் பொய்க்காது. அப்படியானால் செங்கோணம்தான் போய்விட்டது. பாகைமானியை வைத்துப் பார்த்தோம். 90 இருக்க வேண்டிய மூலையில் 96-க்கும் மேல். "ரெண்டு பக்கமும் சரி" என்று அவள் சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் அவள் அளவு சரி, என் இஸ்திரிதான் தவறு என்று சொன்னேன். சிரித்தாள், ஆனால் துணி போனது போனதுதான்.

இதை உங்கள் வகுப்பிலும் செய்து பார்க்கலாம். நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கில், ஊடை நூல் அகலவாக்கில். ஒரு பழைய கைக்குட்டையைப் பாவின் வழியே இழுத்தால் ஏறக்குறைய நீளாது. ஊடையின் வழியே கொஞ்சம் கொடுக்கும். மூலைவிட்டத்தின் வழியே இழுத்தால் தாராளமாக நீளும், அதே நேரம் அகலம் சுருங்கும். துணியில் நூலோட்டத்தை ஒட்டி 10 செ.மீ. சதுரம் ஒன்றைப் பென்சிலால் வரைந்துகொண்டு இழுங்கள். சதுரம் சாய்சதுரமாவது கண்ணெதிரே தெரியும். நூல்கள் நீளவில்லை, ஒன்றின்மேல் ஒன்று திரும்பியிருக்கின்றன. எங்கள் குழு ஒன்று இழுத்துப் பிடித்து அளந்தபோது மூலைவிட்டங்கள் 15.3, 12.9. வர்க்கங்களின் கூடுதல் 400-ஐ ஒட்டி வந்தது. சாய்சதுரத்தில் அது பக்கத்தின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்குதானே! பனியன் துணியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அது கண்ணி கண்ணியாகப் பின்னியது, எல்லாப் பக்கமும் நீளும், விரிப்புக்கும் ஆகாது.

நூல் நீளாமல் திரும்பியிருக்கிறது என்பதால்தான் நீண்ட துண்டைத் திருத்த முடிகிறது. ஆகவே முதலில் கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிடுங்கள். நாங்கள் அட்டையில் சரியான முக்கோணத்தை வரைந்து, மடித்த போர்வையின்மேல் வைத்தோம். துண்டின்மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, செங்கோண மூலையைக் குண்டூசியால் நிறுத்தி, மற்ற இரு மூலைகளையும் விரலால் மெல்லக் கோட்டுக்குள் தள்ளினோம். நடுவில் லேசாகப் புடைப்பு நிற்கும், பயப்பட வேண்டாம். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்து, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. ஈரம் முழுதும் காயும்வரை துண்டை எடுக்கவும் கூடாது. பின்பு வடிகஞ்சியை நீர்க்கக் கரைத்துப் பூசி மறுபடி காயவைத்தால் துணி காகிதம்போல நிற்கும். பழைய சுங்குடி நைந்து மெலிந்திருப்பதால் அதற்குக் கஞ்சி அவசியம்.

இப்படித் திருத்திய பிறகும் சில துண்டுகள் 3 மி.மீ. அளவு கூடுதலாக நின்றன. அதைத் தையலிலேயே உள்வாங்கலாம். இரு முனைகளையும் முதலில் குண்டூசியால் சேர்த்து, அடுத்து நடுவை, பிறகு இடைப்பட்ட இடங்களைச் சேர்க்க வேண்டும். இயந்திரத்தில் தைக்கும்போது நீண்ட துண்டு கீழே இருக்கட்டும். அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியைச் சற்று வேகமாக இழுப்பதால் அந்த மிச்சம் கரைந்துவிடும். கையால் தைப்பவர்கள் ஓரத்தில் பொடி ஓட்டுத்தையல் ஒன்று போட்டு, நூலை லேசாகச் சுண்டினால் போதும். சுருக்கம் தெரியும் அளவுக்கு இழுத்துவிடக் கூடாது.

மீதிக் கட்டங்களுக்கு முறையையே மாற்றினோம். வெள்ளைச் சதுரத்தையும் வண்ணச் சதுரத்தையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைவிட்டம் வரைந்து, அதற்கு இருபுறமும் 1 செ.மீ. தள்ளித் தைத்தபின் கோட்டில் வெட்டினோம். ஒரே நேரத்தில் இரண்டு சிறு சதுரங்கள் கிடைக்கும். கிராஸ் ஓரம் தையலுக்குள் அடங்கிய பிறகுதான் கத்தரிக்கோல் அதைத் தொடுகிறது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். வங்காளத்துக் காந்தா விரிப்பைத் தைப்பவர்கள் பழைய சேலைகளை முழுதாகவே அடுக்கித் தைத்துவிடுவார்கள். அங்கே இந்தத் தொல்லையே எழாது. கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் ஓர் அடித்துணியை விரித்து, அதன்மேல் துண்டுகளை வைத்து ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். துண்டு எந்த வாட்டத்தில் வெட்டப்பட்டிருந்தாலும் அடித்துணி அதைப் பிடித்துக்கொள்ளும்.

கட்டங்களை எல்லாம் சேர்த்தபின் விரிப்பின் நீளத்தை அளந்தோம். நடுவில் 120 செ.மீ. ஓரங்களில் 121.5, 122. கையாளும்போது ஓரம்தான் அதிகம் இழுபடும் என்பதால், கரைத் துணியை நடுவளவுக்கே வெட்ட வேண்டும். ஓரத்தின் அளவுக்கு வெட்டினால் கரை அப்பளம்போல் அலையலையாக நிற்கும். விரிப்பையும் கரையையும் நான்காக மடித்துக் குறியிட்டு, குறிகளைப் பொருத்தித் தைத்தோம்.

வெட்டிக் கெடுத்த முக்கோணம் பாக்கி. அதற்கு மாற்றாக வெள்ளைத் துணி வைத்துக்கொள்ளலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். சுங்குடியில் கிடந்த ஒட்டுநறுக்கு ஒன்றை அதன் நீண்ட பக்கத்தோடு சேர்த்துத் தைத்து, கஞ்சி போட்டு, அட்டையை வைத்துப் புதிதாகக் கோடு வரைந்து அவளே வெட்டினாள். வெட்டும் முன் மூன்று பக்கங்களையும் அளந்தாள். பிறகு என்னிடம் பாகைமானி கேட்டு வாங்கிக்கொண்டாள்.