அப்டேட் போடக் கூடாதா?

நாகல் நகரில் பழைய கம்ப்யூட்டர் வாங்கிய சில குடும்பத்தார் நம்மிடம், "அப்டேட் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கடையில் சொன்னார்கள்" என்கிறார்கள். உள்ளே இருப்பது லைசென்ஸ் இல்லாத விண்டோஸ் என்பதே காரணம்.

அந்தப் பயம் வெறும் பயமல்ல. அப்டேட் தளத்திலிருந்து டவுன்லோட் செய்ய, விண்டோஸ் அசல்தானா என்ற சோதனையை மைக்ரோசாஃப்ட் 2005-இல் கட்டாயமாக்கியது. 2008-இல் வந்த ஒரு அப்டேட், சோதனையில் தேறாத எக்ஸ்பி புரொஃபெஷனல் கம்ப்யூட்டர்களில் திரையின் பின்னணியைக் கறுப்பாக்கியது. படத்தை மாற்றினாலும் 60 நிமிடத்தில் மறுபடி கறுப்பு! ஃபைல் எதுவும் அழியாது, வேலையும் நிற்காது. சங்கடப்படுத்தி வாங்க வைப்பதே நோக்கம். முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை அப்போதும் நிறுத்தவில்லை.

இது தெரியாமல் எல்லா அப்டேட்டையும் நிறுத்துவதில்தான் ஆபத்து. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள்.

தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்துவது காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம்.

படிக்கும் பிள்ளைகளுக்கு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போதும். அது இலவசம், தமிழும் உண்டு. அரசு தந்த லேப்டாப்களில் பார்த்திருப்பீர்கள். மாற்றுமுன் போட்டோ, சான்றிதழ்களை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். டேலியில் கணக்கு எழுதும் கடைக்காரர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. அவர்கள் விண்டோஸ் லைசென்ஸ் வாங்கிக்கொள்வதே நல்லது.