பழம் தராத வாழை

எங்கள் குடும்பம் வாழையால் வாழ்ந்த குடும்பம். இலால்குடிக்கு அருகில், கொள்ளிடத்தின் வடகரையில் எங்கள் தோட்டம் இருக்கிறது. கன்று நடுவதும், மண் அணைப்பதும், முட்டுக் கொடுப்பதும், தார் வெட்டுவதும் எனக்கும் என் தம்பிக்கும் இளமையிலேயே பழகிய வேலைகள். தம்பி வேளாண்மைக் கல்வி கற்றுப் பட்டம் பெற்றான். பின்னர் ஆப்பிரிக்காவில் எத்தியோப்பிய நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றுச் சென்றான். இரண்டு ஆண்டில் திரும்புவதாகச் சொன்னவன் ஆறு ஆண்டு ஆகியும் திரும்பவில்லை. இடையில் தந்தையார் மறைந்தார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். "நீ நேரில் போய் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு வா" என்றார் அன்னையார். 2018-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நான் புறப்பட்டேன்.

மும்பையில் விமானம் ஏறி, அரபிக் கடலைக் கடந்து, அந்நாட்டின் தலைநகராகிய அடிஸ் அபாபாவில் இறங்கினேன். ஆப்பிரிக்கா என்றாலே வெப்பம் என்று எண்ணி மெல்லிய ஆடைகளையே கொண்டு சென்றிருந்தேன். அந்நகரமோ கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில், நம் உதகமண்டலத்தினும் உயர்ந்து நிற்பது! இரவெல்லாம் குளிரில் நடுங்கினேன். அந்நாட்டு நாட்காட்டியில் அப்பொழுது 2010-ஆம் ஆண்டுதான் நடந்துகொண்டிருந்தது. முப்பது நாள் கொண்ட திங்கள்கள் பன்னிரண்டு. ஐந்து அல்லது ஆறு நாளே கொண்ட சிறு திங்கள் ஒன்று. ஆகப் பதின்மூன்று திங்கள்கள் அவர்களுக்கு உண்டு. எட்டு வயது குறைந்துவிட்டது என்று மகிழ்ந்த என்னைக் கடிகாரம் ஏமாற்றியது. தெற்கே செல்லும் பேருந்து பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் என்று விடுதிக்காரர் சொல்ல, நண்பகலில் போய் நின்றேன். பேருந்து ஆறு மணி நேரத்திற்கு முன்பே போய்விட்டிருந்தது! கதிரவன் எழும் வேளையிலிருந்து பொழுதை எண்ணுவது அந்நாட்டு வழக்கம். நாம் காலை ஏழு மணி என்பதை அவர்கள் ஒரு மணி என்பர். காலை ஆறு மணியே அவர்களுக்குப் பன்னிரண்டு. இதனை எனக்கு எழுதத் தம்பி மறந்துவிட்டான்.

மறுநாள் விடியுமுன் எழுந்து பேருந்தைப் பிடித்தேன். 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். மாலையில் தமோத்தா மலையின் அடியில் உள்ள சோடோ என்னும் நகரத்தில் தம்பி என்னை எதிர்கொண்டான். இளைத்திருந்தான், ஆனால் சோர்வு இல்லை. அங்கிருந்து அவன் பணி செய்யும் சிற்றூருக்குச் சென்றோம். வழி நெடுகக் கூரை வேய்ந்த வட்டக் குடிசைகள். ஒவ்வொன்றின் பின்னும் கொழுத்த வாழைத் தோட்டம். என் ஊருக்கே வந்துவிட்டதுபோல் உள்ளம் பூரித்தது. "இங்கே என்ன வாழை பயிரிடுகிறார்கள்? பூவனா, மொந்தனா?" என்று கேட்டேன். தம்பி சிரித்தான்.

"அக்கா, இது வாழையன்று, வாழையின் உறவு. இதன் பெயர் என்செட். இதன் காயில் பெரிய விதைகளே இருக்கும்; அதை யாரும் உண்பதில்லை. அடிக்கிழங்கும் தண்டுமே உணவு" என்றான்.

அந்த உணவு செய்யும் முறையை மறுநாள் கண்டேன். பலகையைச் சாய்த்து நிறுத்தி, தண்டின் மட்டைகளை அதன்மேல் வைத்து, மூங்கில் பட்டையால் பெண்கள் சுரண்டுகிறார்கள். கிழங்கைத் துருவுகிறார்கள். இரண்டையும் கலந்து, இலை பரப்பிய குழியில் இட்டு மூடிப் பல வாரங்கள், சில வேளை பல திங்கள்கள் புளிக்க வைக்கிறார்கள். பின் எடுத்து, பிசைந்து, தட்டிச் சுடும் அப்பத்திற்குக் கொச்சோ என்று பெயர். மட்டையில் எஞ்சும் நாரும் வீண் போவதில்லை, கயிறாகிறது. நம் வாழை ஓராண்டுப் பயிர். என்செட் முதிர்வதற்கோ நான்கு ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரையிலும் செல்லும். ஆயினும் மழை பொய்த்த ஆண்டில் வேண்டும்போது வெட்டி உண்ணலாம். வீட்டின் பின்னே நிற்கும் களஞ்சியம் அது. தானாகப் பக்கக் கன்று விடுவதும் அதன் இயல்பன்று. கிழங்கின் நடுக்குருத்தைக் குடைந்தெடுத்துவிட்டு மண்ணில் புதைத்தால், சுற்றிலும் பல கன்றுகள் முளைக்கின்றன. இந்த நுட்பத்தை முதலில் கண்டறிந்த உழவர் யாரோ!

இத்தகைய பயிருக்கு ஒரு கொடிய நோய் உண்டு. 1968-ஆம் ஆண்டிலேயே அறிவியலார் அதனைக் குறித்து எழுதியுள்ளனர். நுண்ணுயிரால் வரும் இந்நோய் தாக்கினால் குருத்து மஞ்சளித்துத் துவளும்; தண்டை வெட்டினால் மஞ்சள் நிறக் கசிவு தோன்றும். மருந்து கிடையாது. நோயுற்ற செடியை வெட்டிய கத்தி அடுத்த செடியில் படும்போது நோயும் உடன் செல்கிறது. ஆகவே நோயுற்றதைத் தோண்டிப் புதைக்க வேண்டும். கத்தியை நெருப்பில் காட்ட வேண்டும். இதனை வீடு வீடாகச் சென்று சொல்வதே தம்பியும் அவன் மாணவர்களும் செய்துவந்த வேலை. சொல்வது எளிது.

ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றான். விருந்தினர் என்று அவர் எங்கள் கண்முன்னே காப்பிக் கொட்டையை வறுத்து, இடித்து, அந்நாட்டு முறைப்படி மும்முறை காப்பி வடித்து அளித்தார். அதன் பின்னரே தோட்டத்திற்குச் சென்றோம். முப்பது செடிகளுள் பதின்மூன்று நோயுற்றிருந்தன. தோண்டிவிட வேண்டும் என்று தம்பி அவர் மொழியிலேயே சொன்னான். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு சினத்தோடு ஏதோ கேட்டார்.

"நான்கு ஆண்டு வளர்த்த சோற்றைக் குழியில் போடச் சொல்கிறாய். உன் வீட்டுச் சோறாக இருந்தால் போடுவாயா என்று கேட்கிறார்" என்றான் தம்பி.

அவன் அவருக்கு மறுமொழி கூறத் தொடங்கினான். மொழி எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவன் கை என்னைச் சுட்டிற்று. எங்கள் தோட்டத்தில் வாடல் நோய் புகுந்த ஆண்டில் குலை தள்ளும் நிலையிலிருந்த வாழைகளைத் தந்தையார் தம் கையாலேயே தோண்டி எரித்ததை அவன் சொல்லுகிறான் என்பதைச் சற்று நேரத்தில் உணர்ந்தேன். அன்று நாங்கள் இருவரும் வரப்பில் நின்று அழுதோம். மூதாட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்துவந்து தம்பியிடம் கொடுத்தார். மாலைக்குள் பதின்மூன்றும் குழிக்குள் சென்றன.

அன்றிரவு அன்னையார் சொல்லியனுப்பியதைச் சொன்னேன். "இன்னும் இரண்டு ஆண்டு, அக்கா. இந்த ஊர்ப் பிள்ளைகளே இவ்வேலையை நடத்தும் நிலை வந்ததும் வந்துவிடுவேன்" என்றான். அதனை மறுக்க எனக்கு வாய் எழவில்லை. எனினும், தனியே இருக்கும் அன்னையாருக்கு அது போதிய விடை என்று அன்றும் நான் எண்ணவில்லை, இன்றும் எண்ணவில்லை.

புறப்படும் நாளில் அம்மூதாட்டி இலையில் பொதிந்த கொச்சோ அப்பம் ஒன்றை என் கையில் தந்து, "உன் தாய்க்கு" என்றார். ஊர் வந்து, நடந்தவற்றையெல்லாம் அன்னையாரிடம் கூறினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பொதியைப் பிரித்து ஒரு துண்டு கிள்ளி வாயில் இட்டார். "பழையது போலப் புளிக்கிறது" என்றார். சற்று நேரம் சென்றபின், "அந்த அம்மாளுக்கு எத்தனை மரம் மிஞ்சிற்று?" என்று கேட்டார்.

"பதினேழு" என்றேன்.

மற்றொரு துண்டைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.